அறுபத்து மூன்றாம் பொட்டலம்

சகலை உறவு மாதிரி விசித்திரமான உறவு வேறெதுவும் கிடையாது. தேடிப் பிடித்த சிநேகிதமும் இல்லை, கூடப் பிறந்த பாசமும் இல்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த ஒரே காரணத்துக்காக இரண்டு ஆண்கள் ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். லிஃப்ட்காரரும் பல்லுக்காரரும் எட்டு வருஷம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்ட்காரர் கட்டியது மூத்தவளை. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுவது, பழுது பார்ப்பது, நடுவழியில் சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களைக் கதவை நெம்பி வெளியே எடுப்பது எல்லாம் அவர் தொழில். பல்லுக்காரர் கட்டியது இளையவளை. அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர் அச்செடுத்து அனுப்புகிற வாய்க்குத் தகுந்த பல்லை மேசையில் உட்கார்ந்து செய்து கொடுப்பவர். பீங்கான் பல், உலோகப் பல், கழற்றி மாட்டுகிற பல் செட் என்று எது கேட்டாலும் செய்வார். மாமனார் வீட்டில் சந்தித்தால் ஒருவர் சோபாவின் இந்த ஓரத்தில் உட்காருவார், மற்றவர் அந்த ஓரத்தில். மாமனாரோ இவரிடம் அவரைப் புகழ்ந்து, அவரிடம் இவரைப் புகழ்ந்து, இரண்டு பேரையும் சரிசமமாகக் கடுப்பேற்றி வைத்திருந்தார்.

இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையோடு சரி. அன்றைக்கு லிஃப்ட்காரர் பெண்டாட்டியிடம் அவசரமாக ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு, பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்று விளம்பரத்தில் பார்த்த முகவரிக்குப் போனார். வாசலில் அழைப்பு மணியை அழுத்திக்கொண்டு ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். திரும்பினால் பல்லுக்காரர். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"தம்பி, நீங்க இங்க?"

"ஒரு பல் செட் விஷயமா வந்தேன். நீங்கண்ணே?"

"லிஃப்ட்டு ரிப்பேரு."

அது மாடியே இல்லாத வீடு. கதவைத் திறந்த ஆள் கிட்டாருக்கு வந்தவர் யார் என்று கேட்டார். இரண்டு பேருமே கையைத் தூக்கினார்கள். யார் வாங்கினாலும் மற்றவர் பெண்டாட்டியிடம் போட்டுக்கொடுத்துவிடும் அபாயம் இருந்ததால், ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்து அங்கேயே வாங்கினார்கள். ஒரு வாரம் இவர் வீடு, ஒரு வாரம் அவர் வீடு, கை மாறுவது ஞாயிற்றுக்கிழமை என்று ஒப்பந்தம். கூடவே கிடைத்த ஆம்ப்ளிஃபையர் பிணம் கனம் கனத்ததால் அதை அலைக்கழிக்காமல் லிஃப்ட்காரர் வீட்டுக் கார் ஷெட்டில் நிரந்தரமாக வைத்தார்கள்.

கிட்டாரின் கழுத்துக்கு மேலே, கம்பிகள் உட்காருகிற சின்னப் பட்டை உடைந்திருந்தது. பல்லுக்காரர் அதைக் கழற்றி எடுத்துப்போய், பல் செட் செய்கிற அதே சாமானில் புதிதாக ஒன்று செதுக்கி, கம்பிக்கு ஒரு பள்ளம் வீதம் ஆறு பள்ளம் அறுத்து, பளபளவென்று மெருகேற்றிக் கொண்டுவந்தார். ஈறு நிறத்தில் இருந்தது. கிட்டார் சிரிக்கிறது என்று லிஃப்ட்காரர் சொன்னார். சோபாவின் இரண்டு ஓரமும் நெருங்கியது அன்றைக்குத்தான்.

அப்புறம் வந்தது இன்ஜின். பல்லுக்காரரின் பழைய கார் ஒரு நாள் நடுரோட்டில் புகையைக் கக்கிவிட்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பழைய இரும்புக்கடைக்காரர் ஒருவரிடம் வேறொரு மாடல் காரின் இன்ஜின் கிடந்தது. வண்டி ஒன்று, இன்ஜின் இன்னொன்று, இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. புத்தியுள்ளவன் எவனும் இதில் கை வைக்க மாட்டான் என்று கடைக்காரரே சொன்னார். சொன்னதுதான் தாமதம், இருவரும் அதைத் தூக்கி வந்து ஷெட்டில் இறக்கிவிட்டார்கள். பல்லுக்காரர் இருப்பது மூன்றாம் மாடி ஃப்ளாட், அங்கே வண்டியைப் பிரிக்க வழியில்லை. ஷெட்டின் உத்தரத்தில் லிஃப்ட்காரர் ஒரு செயின் பிளாக்கை மாட்டினார். சங்கிலியை இழுத்து இழுத்துச் செத்த இன்ஜினை வெளியே எடுத்தார்கள்.

பத்து மாசம் ஆயிற்று. பத்து மாசத்தில் "வாங்க போங்க" உதிர்ந்து "தம்பி, அந்த ஸ்பேனரை எடு" ஆயிற்று. இன்ஜின் உட்காருகிற தாங்கிகளை லிஃப்ட்காரர் இரும்புத் தகட்டில் வெட்டி வெல்டிங் வைத்தார். ஆக்சிலரேட்டர் கேபிளைப் பிடிக்கிற கொக்கி எந்தக் கடையிலும் கிடைக்காதபோது, பல்லுக்காரர் உலோகப் பல் வார்க்கிற உலையில் ஒரே சாயங்காலத்தில் அதை வார்த்துக் கொண்டுவந்தார். கடைவாய்ப்பல் தரத்தில் செய்திருப்பதாகவும் இருபது வருஷம் தேயாது என்றும் உத்தரவாதம் கொடுத்தார்.

வேலை செய்கிற முறையும் தானாக அமைந்துவிட்டது. இன்ஜின் ஒன்று, கிட்டார் ஒன்று, ஆள் இரண்டு. ஒருவர் இன்ஜினில் கை வைத்தால் மற்றவர் கிட்டாரை எடுப்பார். ஒரு பாட்டு முடிந்ததும் கை மாறும். பாட்டு முடிகிற நேரத்தில் எவனாவது ஒரு போல்ட் கழலாமல் மல்லுக்கு நின்றால், அது கழலும்வரை பாட்டையும் இழுக்க வேண்டும். துருப்பிடித்த புகைக்குழாய் போல்ட் ஒன்றுக்காக லிஃப்ட்காரர் மூன்றே மூன்று சுரத்தை ஐம்பது நிமிஷம் வாசித்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தியது வேறு கதை.

பல்லுக்காரரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அவருடைய வேலைக்கூடத்தில் ஒவ்வொரு பல்லும் ஒரு சின்னப் பொட்டலத்தில் இருக்கும். அதன்மேல் காகித டேப் ஒட்டி மூன்று விஷயம் எழுத வேண்டும்: எண், எங்கே மாட்ட வேண்டும், அவசரமா அவசரமில்லையா. முன்பல் போனவருக்கு அவசரம். உள்ளே எங்கோ ஒன்று போனவருக்கு அவசரமில்லை. இதையே அவர் ஷெட்டுக்கும் கொண்டுவந்தார். கழற்றிய ஒவ்வொரு திருகும் பொட்டலத்துக்குள் போயிற்று, முத்துமுத்தான கையெழுத்தில் டேப் ஏறியது, பொட்டலம் சுவர் ஆணியில் தொங்கியது. "எண் 12. தண்ணீர் பம்ப்பின் இடப்பக்கம். அவசரமில்லை." "எண் 30. கியர்பாக்ஸ் அடியில். அவசரமில்லை." லிஃப்ட்காரர் முதலில் கேலி செய்தார். போகப்போக அந்தப் பொட்டலங்களைப் படிப்பதே அவருக்கு ஒரு சுகமாக இருந்தது. நிறுவனத்திலிருந்து அவருக்கு வருகிற எல்லா அழைப்பும் தலைபோகிற அவசரமாகத்தான் வரும். ஷெட்டுக்குள் வந்தால் சுவர் முழுக்க அவசரமில்லை, அவசரமில்லை.

ஒன்பதாம் மாசம் பல்லுக்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேறொரு ஊர். பெரிய பல் கூடம். அங்கே இருபது பேருக்கு மேலே தலைமைப் பொறுப்பு. பதினோரு வருஷமாக ஒரு சிடுமூஞ்சி முதலாளிக்குக் கீழே குனிந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு விடிவுகாலம். அடுத்த மாசம் பதினைந்தாம் தேதிக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். கார் ஓட ஆரம்பித்ததும் அதிலேயே சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று இளையவள் சொன்னாள். எல்லோருக்கும் சந்தோஷம். லிஃப்ட்காரரும் கைகொடுத்து வாழ்த்தினார், தட்டிக்கொடுத்தார், சகலை பெரிய ஆளாகிவிட்டார் என்று மாமனாருக்கு அவரே போன் போட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து பொட்டலங்களில் எழுத்து மாறியது. "எண் 58. ரேடியேட்டர் குழாய். அவசரம்." "எண் 61. பெல்ட் இறுக்கி. அவசரம்." லிஃப்ட்காரருக்கு அவற்றைப் படிக்கிற சுகமே போயிற்று. நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட மனுஷனுக்கு, சகலை ஊரைவிட்டுப் போவது தாங்கவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. இன்ஜின் எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் ஷெட் காலியாகிவிடும். அதை நினைத்தாலே அவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம். அநேகமாக எல்லாம் முடிந்துவிட்டது. இன்ஜின் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது. முன்பக்க மூடியைப் போட்டு, புல்லியை மாட்டி, எண்ணெய் ஊற்றினால் ஞாயிறு காலை கிளப்பிப் பார்க்கலாம். திங்கட்கிழமை புறப்பாடு. மீதி இருந்தது அறுபத்து மூன்றாம் பொட்டலம். அதற்குள் அரைநிலா வடிவில், நகத்தளவு இரும்புத் துண்டு. இன்ஜினின் நடுத்தண்டில் இருக்கிற பள்ளத்தில் உட்கார்ந்து சக்கரத்தை நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். மெக்கானிக்குகள் அதற்குக் கீ என்பார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் இம்மி அசையாது.

டீ வந்திருக்கிறது என்று மூத்தவள் கூப்பிட, பல்லுக்காரர் கை கழுவ உள்ளே போனார். லிஃப்ட்காரர் பொட்டலத்தைப் பிரித்துக் கீயை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். டேப்பில் "அவசரம்" என்று இருந்தது. இதை மட்டும் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்துப் பல்லுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது. இவர் கை தன்னால் நீண்டது. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் பாதி திறந்தே இருக்கும். உள்ளே ஸ்பீக்கரின் முதுகில் டீ சாஸர் அளவுக்கு ஒரு காந்தம். கீ "டக்" என்று போய் அதில் ஒட்டிக்கொண்டது.

சத்தியமாகத் திட்டம் போட்டுச் செய்ததில்லை. இரண்டு நிமிஷம் விளையாட்டுக் காட்டிவிட்டு எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் பல்லுக்காரர் வெறும் பொட்டலத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், திறந்து கிடந்த இன்ஜினைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, அறுபத்து மூணக் காணோம். உள்ள விழுந்திருக்குமோ?"

"விழுந்திருக்கும் போல" என்று லிஃப்ட்காரர் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

முன்பக்கம் திறந்திருந்ததால் அந்த இடத்திலிருந்து எது விழுந்தாலும் நேராக அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டிக்குப் போய்விடும். அது உள்ளே கிடக்கும்போது இன்ஜினைக் கிளப்பினால் பத்து மாச உழைப்பும் பத்து விநாடியில் பொடிப்பொடி. இரும்புக்கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்டார்கள். அந்த மாடலுக்கு வேறு கீ வரவழைக்கக் குறைந்தது இரண்டு வாரம் ஆகும் என்றார். புதிது வந்தாலும் பழையது எங்கே என்று தெரியாமல் மாட்ட முடியாது. திங்கட்கிழமைப் பயணம் நின்றது. லிஃப்ட்காரருக்கு மனசு குத்தியது, கூடவே உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. இரண்டும் உண்மை, மறைத்துப் பிரயோஜனமில்லை.

ஞாயிறும் திங்களும் தேடினார்கள். பல்லுக்காரர் குச்சி நுனியில் காந்தத்தைக் கட்டி இன்ஜினின் சந்துபொந்தெல்லாம் துழாவினார். இரண்டடி தள்ளி, அந்த அறையிலேயே பெரிய காந்தம் கீயை முதுகில் சுமந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. லிஃப்ட்காரர் டார்ச் பிடித்துக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் பாரு" என்று யோசனையும் சொன்னார். மனுஷனுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமைதான் வினை வந்தது. கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கலாம் என்று பல்லுக்காரர் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆறாவது கம்பியைத் தட்டினார். அது தடித்த கம்பி, அடிக்குரல். ஆம்ப்ளிஃபையருக்குள்ளிருந்து "கிர்ர்ர்" என்று ஓர் ஓசை எழுந்தது. மறுபடி தட்டினார். மறுபடி "கிர்ர்ர்". மூன்று மாடிக்கு மேலே ஓர் உருளை தேய்ந்திருந்தால் கீழே நின்று சொல்லிவிடுகிற காது லிஃப்ட்காரருக்கு. அவருக்கா தெரியாது அது என்ன சத்தம் என்று? மூத்தவள் கூப்பிடாமலே "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போனவர், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"ஸ்பீக்கருக்கு வயசாயிடுச்சு போலண்ணே" என்றார் பல்லுக்காரர்.

ஆமாம் ஆமாம், வயசாகாமல் இருக்குமா என்று இவரும் ஒத்து ஊதினார். புதன்கிழமை வாசித்தபோது கிர்ர் இல்லை. கீ தானாக நகர்ந்து காந்தத்தில் நன்றாகப் பதிந்திருக்கும், தப்பித்தோம் என்று எண்ணிக்கொண்டார்.

ஆனால் பயம் இன்னொரு பக்கமிருந்து வந்தது. அன்றைக்கு டீ கொண்டுவந்த மூத்தவள் காலியான பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனையோ உலோகப் பல் வார்க்கிற தம்பியால் இந்தத் துக்குணியூண்டு துண்டை வார்க்க முடியாதா என்று கேட்டுவிட்டாள். லிஃப்ட்காரர் நாலு நாளாக அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

பல்லுக்காரர் டீயை உறிஞ்சினார். "பல்லுன்னா கடிச்சா போதும்க்கா. இது சுத்தணும். அது வேற, இது வேற."

மூத்தவள் என்னமோ போங்கள் என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். நல்லவேளை, இவனுக்கு அந்தப் புத்தி வரவில்லை என்று லிஃப்ட்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

வியாழனும் வெள்ளியும் எண்ணெய்த் தொட்டியையே கழற்றினார்கள். இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கிப் பிடித்து, இருபது போல்ட்டைப் படுத்துக்கொண்டு கழற்ற வேண்டும். முதுகு பிளந்தது. ஆனாலும் அந்த இரண்டு சாயங்காலமும் பத்து மாசத்திலேயே நல்ல சாயங்காலங்களாக இருந்தன. பல்லுக்காரர் அவசரப்படவே இல்லை. பழைய கதையெல்லாம் பேசினார். மாமனார் மாதிரியே தொண்டையைக் கனைத்துக் காட்டிச் சிரிக்க வைத்தார். எண்ணெயைத் துணியில் வடிகட்டிப் பார்க்கலாம் என்று அவரே யோசனை சொல்லி, சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்திருந்தார்கள். துணியில் ஒன்றும் மிஞ்சவில்லை. கீ எங்கோ வெளியே தெறித்துப் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்து சனிக்கிழமை பகலில் தொட்டியை மறுபடி மாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் இளையவள் அக்காவைப் பார்க்க வந்தாள். சமையலறையில் இருவரும் பேசியது கூடத்தில் இருந்த லிஃப்ட்காரர் காதில் விழுந்தது. வீடு முழுக்க அட்டைப்பெட்டி, இரண்டே இரண்டு தட்டை வெளியே வைத்துக்கொண்டு ஒரு வாரமாகச் சாப்பாடு. பஸ்ஸிலாவது போய்ச் சேருங்கள் என்றால், வண்டி கிளம்பட்டும், பார்க்கலாம் என்கிறாராம். பதினைந்தாம் தேதி தாண்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் உடைந்தது.

"பதினோரு வருஷம்க்கா. ஒரு நாள்கூட அவரு வாய்விட்டுக் குறை சொன்னதில்ல. இது போச்சுன்னா அவரு தாங்குவாரு. என்னால தாங்க முடியாது."

லிஃப்ட்காரருக்குத் தன்மேலேயே அப்படியொரு வெறுப்பு வந்தது. அதுவரை விளையாட்டு மாதிரி இருந்தது இப்போது துரோகம் மாதிரி தெரிந்தது. காலையில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒருவேளை அதற்குப் பிறகு சோபாவின் அந்த ஓரம்தான் நிரந்தரம். அதை நினைத்தபோது கண்ணில் நீர் கோத்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஷெட்டைத் திறந்தார். ஆம்ப்ளிஃபையரைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் கையை விட்டுக் காந்தத்தைத் தடவினார். கீ இருந்தது. ஆனால் விரலுக்கு இரும்பு தட்டுப்படவில்லை. காகிதம் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. பிய்த்து வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

கீயைச் சுற்றி, சத்தம் போடாதபடி, காகித டேப் கச்சிதமாகச் சுற்றப்பட்டிருந்தது. அதன்மேல் முத்துமுத்தான எழுத்து.

"எண் 63. மாட்ட வேண்டிய இடம்: நடுத்தண்டு. அவசரமில்லை."

லிஃப்ட்காரர் கவிழ்த்த வாளியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கிர்ர் என்றது. புதன்கிழமை நின்றது. ஆக்சிலரேட்டர் கொக்கியையே ஒரு சாயங்காலத்தில் வார்த்தவன், நகத்தளவு கீயை வார்க்கத் தெரியாது என்கிறான். அதை இவரும் நம்பினார். காது மட்டும் கூர்மையாக இருந்து என்ன செய்ய?

பல்லுக்காரர் வந்தபோது இவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

"கிடைச்சிடுச்சாண்ணே?"

"கிடைச்சிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

"நீ வெச்ச எடத்துலதான்."

பல்லுக்காரர் அசடு வழிந்தார். இன்னொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். மொதல்ல வெச்சது யாரு என்று கேட்கலாம். கேட்கவில்லை.

"நீ போறது எனக்குப் பிடிக்கலடா" என்றார் லிஃப்ட்காரர். பத்து மாசத்தில் முதல் தடவையாக வந்த "டா" அது. "சந்தோஷப்படணும்னுதான் பாத்தேன். வர மாட்டேங்குது. அதான் கை அப்படிப் போயிடுச்சு. மன்னிச்சிடு."

"செவ்வாக்கிழம நீங்க தண்ணி குடிக்கப் போனப்பவே டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். கோவம் வரும்னு நெனச்சேன். வரலண்ணே. அப்பாடான்னு இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் கெடச்சிடுச்சுன்னு."

"அப்புறம் எதுக்குய்யா அந்தத் தொட்டியக் கழட்டின? முதுகு ஒடிஞ்சு போச்சு."

"கழட்டலன்னா உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமே."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வேலை கைவிட்டுப் போயிருந்தால் என்ன செய்திருப்பாய், வீட்டில் அவள் எவ்வளவு தவிக்கிறாள் தெரியுமா என்று கேட்டார். பல்லுக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், அது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். மற்றபடி நாளைக் கணக்குப் பண்ணித்தான் வைத்திருந்தாராம். திங்கட்கிழமை காலையில் மேசைக்கு அடியில் கிடைத்ததாகச் சொல்லி அவரே எடுப்பதாக ஏற்பாடு.

கீயை லிஃப்ட்காரர்தான் மாட்டினார். டேப்பைக் கிழியாமல் உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் கீயை வைத்து, சுத்தியலின் மரப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்தார். அவர் மாட்டும்போது பல்லுக்காரர் வாசித்தார், மூடி போடும்போது கை மாறியது. மத்தியானத்துக்குள் எண்ணெய், தண்ணீர், பேட்டரி எல்லாம் முடிந்தது. சாவியைத் திருப்பினார்கள். முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை தும்மியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பல்லுக்காரர் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்க மிதிக்க, லிஃப்ட்காரர் ஆறாவது கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் இன்ஜின் குரலும் கம்பிக் குரலும் ஒன்றாகச் சேர்ந்து எது எது என்று பிரிக்க முடியாமல் ஷெட் முழுக்க நிறைந்தது. "அப்படியே பிடி, அப்படியே பிடி" என்று லிஃப்ட்காரர் கத்தினார்.

சத்தம் கேட்டு அக்காவும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த தங்கையும் ஓடி வந்தார்கள். இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு காரையே பார்த்தாள். அப்புறம்தான் அந்தக் கீ எங்கேதான் கிடந்தது என்று கேட்டாள்.

"தொட்டியில" என்றார் லிஃப்ட்காரர்.

"மேசைக்கு அடியில" என்றார் பல்லுக்காரர்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போ ரெண்டு கீயா கிடைச்சுது என்று மூத்தவள் கேட்டாள். ரெண்டுக்கும் ஒரே வியாதி என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். பல்லுக்காரரும் பின்னாலேயே போனார். உள்ளே கால் மணி நேரம் அவருக்கு நல்ல பூசை நடந்தது. வெளியே வந்தபோது காது சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் காலை சாமான் ஏற்றினார்கள். அந்த வாரம் கிட்டார் முறை பல்லுக்காரருடையது. ஆம்ப்ளிஃபையருக்கு வண்டியில் இடமில்லை. அது இல்லாமல் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது என்று பல்லுக்காரர் கேட்டார்.

"கிட்டார் இல்லாம ஆம்ப்ப வெச்சுக்கிட்டு நான் மட்டும் என்ன பண்ணப் போறேன்? அதுக்குத்தான். மாசத்துக்கு ஒரு தடவ எடுத்துட்டு வா."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, லிஃப்ட்காரர் காதுக்கு ஒரு குறையும் தட்டுப்படவில்லை. பின் ஸீட்டில் கிட்டார்ப் பெட்டியை அவரே வைத்து, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட்டுவிட்டார். பெட்டியின் மூடியில் காகித டேப் ஒன்று ஒட்டியிருந்தது. பல்லுக்காரர் குனிந்து படித்தார். படித்துவிட்டு டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"எண் 64. மாட்ட வேண்டிய இடம்: அண்ணன் வீட்டு ஷெட். அவசரம்."

எழுத்து கோணல்மாணல்தான், ஆனால் படிக்க முடிந்தது.